ஆதிப்புள்ளி யாருடையது?

நூல் மதிப்புரை என்றால் கதைக்கும் கவிதைக்கும் வரலாற்றுக்கும் உரியது என்றே நாம் பழகிவிட்டோம். ஒரு மென்பொருளோடு சேர்ந்து வரும் வழிகாட்டியை எவரும் மதிப்பிடுவதில்லை. அதைப் படித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆனால் அத்தகைய வழிகாட்டி சொல்லும் ஒரு வரியை நம்பி யாரோ ஒருவர் ஒரு கணிப்பொறியின் காவலைத் தளர்த்துகிறார் என்றால், அந்த வரியை மதிப்பிடத்தான் வேண்டும். டி.பி.டி.கே. என்னும் மென்பொருள் தொகுப்பின் வழிகாட்டியில், பல புராஸஸ்கள் சேர்ந்து இயங்குவது பற்றிய அத்தியாயத்தையே இங்கு எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் இத்தொகுப்பு எதற்கென்று பார்ப்போம். வலைப்பின்னல் வழியே செல்லும் செய்திகள் சிறு சிறு பொட்டலங்களாகவே செல்கின்றன. எத்தர்நெட்டில் மிகச் சிறிய பொட்டலம் 64 பைட். அதன் முன்னும் பின்னும் சேரும் 20 பைட்டையும் கூட்டினால் 84 பைட், அதாவது 672 பிட். வினாடிக்கு 1,000 கோடி பிட்டுகளைக் கடத்தும் கம்பியில் இதற்கு ஆகும் நேரம் 67.2 நானோ வினாடி. ஒளி இந்த நேரத்தில் 20 மீட்டர்தான் செல்லும். நம் வகுப்பறைத் தாழ்வாரத்தின் நீளம்கூட இராது. அதற்குள் ஒரு பொட்டலத்தைப் பெற்று, பார்த்து, அனுப்பிவிட வேண்டும், அடுத்தது வந்துவிடும். வினாடிக்கு 300 கோடி முறை துடிக்கும் செயலகத்துக்கும் இது வெறும் 200 துடிப்பு நேரமே.

லினக்ஸின் உள்ளகமாகிய கெர்னல் வழியாக ஒவ்வொரு பொட்டலத்தையும் கொண்டு சென்றால் இந்த வேகம் கட்டுப்படியாகாது. ஆகவே கெர்னலை ஒதுக்கிவிட்டு, வலைப்பின்னல் அட்டையிலிருந்து நேரே பயனர் நிரலுக்குப் பொட்டலங்களைக் கொண்டுவரும் முறையை இன்டெல் நிறுவனத்தில் 2010ஆம் ஆண்டுவாக்கில் உருவாக்கினார்கள். வெங்கி வெங்கடேசன் என்ற பொறியாளரை இதன் தந்தை என்பர். அவர் 2018இல் காலமானார். 2017 முதல் லினக்ஸ் பவுண்டேஷனின் கீழ் இத்திட்டம் நடந்து வருகிறது. இதன் திறமையை நான் குறை கூறவில்லை. மேலே சொன்ன 67 நானோ வினாடிக் கணக்கை நடைமுறையில் சாதித்துக் காட்டிய பெருமை இதற்கு உண்டு.

இந்த வேகத்துக்கு உதவும் உத்திகளில் ஒன்று பெரும்பக்கம். கணிப்பொறி தன் நினைவகத்தைப் பக்கம் பக்கமாகவே கையாளுகிறது. ஒரு ஜிகாபைட்டை வழக்கமான 4 கிலோபைட் பக்கங்களாக்கினால் 2,62,144 பக்கங்கள்; 2 மெகாபைட் பெரும்பக்கங்களாக்கினால் 512. எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்பதைச் செயலகம் ஒரு சிறு குறிப்பேட்டில் வைத்துக்கொள்கிறது. அக்குறிப்பேட்டில் இடம் மிகக் குறைவாகையால், பக்கங்கள் குறையக் குறைய வேலை விரைகிறது.

சிக்கல் எங்கே?

இயங்கிக்கொண்டிருக்கும் நிரல் ஒவ்வொன்றையும் புராஸஸ் என்பர். ஒவ்வொரு புராஸஸும் தனக்கென ஒரு முகவரி வெளியைக் கொண்டது. ஒரே மெய்யான நினைவகப் பக்கம் ஒரு புராஸஸில் ஒரு முகவரியிலும், இன்னொன்றில் வேறு முகவரியிலும் பொருத்தப்பட்டிருக்கலாம். இயற்பியல் மாணவர்க்கு இது புதிதன்று. ஒரே மரத்துக்கு இருவர் இருவேறு ஆதிப்புள்ளிகளிலிருந்து அளந்தால் ஆயத்தொலைகள் வேறுபடும், மரம் நகரவில்லை.

ஒருவர் மற்றவரிடம் "மரம் (3, 4)இல் இருக்கிறது" என்று மட்டும் சொன்னால் என்ன ஆகும்? கேட்பவர் தம் ஆதிப்புள்ளியிலிருந்து அளந்து, மரமில்லாத இடத்தில் போய் நிற்பார். டி.பி.டி.கே.யின் பகிர்ந்த நினைவகத்தில் இருப்பவை இத்தகைய அறுதி முகவரிகளே. ஒரு பொட்டலத்தின் தலைப்புப் பகுதி, அதன் தரவு இருக்குமிடத்தை முழு முகவரியாகவே குறித்து வைத்திருக்கிறது. அதை வேறொரு புராஸஸ் படித்தால் அதே முகவரியில் அதே பக்கம் அங்கும் இருந்தாக வேண்டும். எனவேதான், முதலில் தொடங்கும் முதன்மைப் புராஸஸ் பெரும்பக்கங்களை எங்கெங்கே பொருத்தியதோ, பின்னால் வரும் துணைப் புராஸஸும் அங்கங்கேயே பொருத்த வேண்டும் என்று அத்தியாயம் விதிக்கிறது.

இங்கேதான் இன்னொரு ஏற்பாடு குறுக்கே வருகிறது. தாக்குவோர் எந்த நிரல் எங்கே இருக்கிறதென்று முன்கூட்டியே ஊகித்துவிடாதபடி, நிரலின் பகுதிகளை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு முகவரிகளில் சிதறி வைக்கும் முறை அது, ஏ.எஸ்.எல்.ஆர். என்று சுருக்கமாகச் சொல்வர். பாக்ஸ் குழுவினர் 2001இல் இதை வெளியிட்டனர். லினக்ஸ் கெர்னலில் 2005இல் சேர்ந்தது. இச்சிதறலால் துணைப் புராஸஸில் ஏதாவதொரு நூலகக் கோப்பு, பெரும்பக்கம் வரவேண்டிய இடத்தில் முன்பே உட்கார்ந்துகொள்ளக்கூடும். அப்போது, கேட்ட முகவரி கிடைக்கவில்லை என்று பிழைச் செய்தி வரும், நிரல் நின்றுபோகும்.

இந்தப் பிழையின் தொல்லை அது எப்போதும் வராததுதான். நேற்று ஓடியது, இன்று ஓடாது. நிறுத்தித் தொடங்கினால் மீண்டும் ஓடும். சிதறல் மறுமுறை வேறாக விழுவதால் இடம் காலியாகிவிடுகிறது, அவ்வளவே. ஆய்வகத்தில் லூஸ் கான்டாக்ட் உள்ள சுற்றைத் தட்டி ஓடவைப்பது போலத்தான் இது. தட்டிப் பழகிய மாணவன் பிறகு பற்றவைக்கக் கற்றுக்கொள்வதே இல்லை.

வழிகாட்டி சொல்லும் மருந்து

இந்நிலையில் அத்தியாயம், சிதறலையே நிறுத்த நேரலாம் என்கிறது. நியாயமாகச் சொல்லவேண்டுமானால், இதில் பாதுகாப்புக் குறைவு உண்டு, மிகத் தேவைப்பட்டாலொழிய செய்யவேண்டாம் என்ற எச்சரிக்கையும் கூடவே இருக்கிறது. ஆனால் எச்சரிக்கை ஒரு வாக்கியம். மருந்தோ ஒரே ஒரு எண்ணை மாற்றினால் முடிகிற வேலை. கெர்னலின் அமைப்புக் கோப்பில் 2 என்றிருப்பது 0 ஆகிறது. அவசரத்தில் இருப்பவர் எதை எடுத்துக்கொள்வார் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த எண் டி.பி.டி.கே. நிரலை மட்டும் கட்டுப்படுத்துவதன்று. அக்கணிப்பொறியில் அதன்பின் தொடங்கும் எல்லாப் புராஸஸ்களின் காவலும் சேர்ந்து போகிறது. அதுவும் எத்தகைய கணிப்பொறி? வலைப்பின்னலின் வாயிலில் நின்று, முன்பின் அறியாதவர் அனுப்பும் பொட்டலங்களையெல்லாம் திறந்து படிப்பது. சிதறலின் காவல் யாருக்கு மிக வேண்டுமோ, அவரிடமிருந்தே அதைக் கழற்றச் சொல்வது போலாகிறது.

மாற்று வழி இல்லையா என்றால், இருக்கிறது. தொடக்க முகவரியை நாமே குறிப்பிடும் ஒரு தேர்வு டி.பி.டி.கே.யிலேயே உண்டு, பிழைச் செய்தியும் அதையே நினைவூட்டுகிறது. 64 பிட் லினக்ஸில் ஒரு புராஸஸுக்கு 128 டெராபைட் முகவரி வெளி கிடைக்கிறது. நூலகங்களும் அடுக்கும் பெரும்பாலும் அதன் மேல் கோடியில் நெருக்கியடித்துக்கொண்டிருக்க, கீழே பரந்த வெளி வெறுமையாகக் கிடக்கிறது. முதன்மைப் புராஸஸைத் தொடங்கும்போதே அந்த வெறுமையில் ஓர் இடத்தைச் சொல்லிவிட்டால் மோதல் அநேகமாக நேராது. பின்னர் வந்த பதிப்புகளில் 4 ஜிகாபைட் எல்லையிலிருந்து தொடங்குவது இயல்பாகவே அமைக்கப்பட்டிருப்பதால் பிழை இப்போது அரிதாகிவிட்டது. இதிலும் ஓர் இழப்பு உண்டு: பொட்டலங்கள் இருக்குமிடம் எவருக்கும் ஊகிக்கக்கூடியதாகிறது. எனினும் நிரலின் கட்டளைகளும் அடுக்கும் சிதறியே இருக்கும். அதுவும் போதாத இடத்தில், செட்டார்ச் என்ற கட்டளையால் அந்த நிரல்களுக்கு மட்டும் சிதறலை நிறுத்தலாம்; கணிப்பொறி முழுவதற்கும் செய்ய வேண்டியதில்லை. சிக்கலைக் கண்டறியும் முறையை அத்தியாயம் இந்த வரிசையில் கற்பித்திருக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று. முகவரி கிடைக்கவில்லையா, அல்லது நினைவகமே கண்ணில் படவில்லையா? இரண்டும் வேறு நோய்கள். இரு புராஸஸ்களும் வெவ்வேறு கோப்பு முன்னொட்டோடு தொடங்கினாலும், பெரும்பக்கக் கோப்புகளைத் திறக்க ஒருவருக்கு அனுமதி இல்லாவிட்டாலும், கன்டெய்னருக்குள் ஓடும் துணைப் புராஸஸுக்கு அந்த அடைவு காட்டப்படாவிட்டாலும் இணைப்பு நடக்காது. சிதறலை நிறுத்தி ஒரு பயனும் இல்லை. முகவரிச் சிக்கல்தானா என்பதை அறிய, ஒவ்வொரு புராஸஸும் எங்கே எதைப் பொருத்தியிருக்கிறது என்று கெர்னல் காட்டும் மேப்ஸ் கோப்புகளை அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். எந்த நூலகம் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பது பெயரோடு தெரியும். முதன்மைப் புராஸஸ் தொடங்கும்போதே, கேட்ட முகவரி மதிக்கப்படவில்லை என்று ஓர் எச்சரிக்கை வருவதும் உண்டு. பலர் அதைப் படிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

என் முக்கியமான குறை வேறு. இந்த ஆசிரியர்களுக்கு ஆதிப்புள்ளிச் சிக்கல் தெரியாததன்று. இரு புராஸஸ்களின் நிரற்கட்டளைகள் ஒரே முகவரியில் இரா. ஆகவே பொட்டல வைப்பகத்தைக் கையாளும் செயற்கூறுகளை அவர்கள் முகவரியாகப் பகிராமல், ஒரு பட்டியலில் எத்தனையாவது என்ற எண்ணாகப் பகிர்கிறார்கள். அட்டைகளைப் பற்றிய விவரத்தையும் பகிர்வது ஒன்று, தனக்கென வைத்துக்கொள்வது ஒன்று என இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். அழகான தீர்வு. அதே அறிவைத் தரவுக்கும் பயன்படுத்தி, அறுதி முகவரிக்குப் பதிலாகத் தொடக்கத்திலிருந்து எவ்வளவு தூரம் என்ற இடப்பெயர்ச்சியைப் பகிர்ந்திருக்கலாம். பூஸ்ட் தொகுப்பில் அத்தகைய சுட்டி இருக்கிறது. ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் ஒரு கூட்டல் கூடுதலாகும், 200 துடிப்புகளுக்குள் அது சுமைதான். வேகத்துக்காக அதைத் தவிர்த்தோம் என்று அவர்கள் சொன்னால் நான் ஏற்பேன். அத்தியாயம் இந்தப் பேரத்தைச் சொல்வதே இல்லை. படிப்பவருக்கு ஏதோ லினக்ஸின் கோளாறு குறுக்கே நிற்பதாகத் தோன்றுகிறது.

எங்கள் கல்லூரியில் சென்ற ஆண்டு மூன்று மாணவர்கள் இத்தொகுப்பின் ஒரு பழைய பதிப்பை வைத்துப் பயிற்சித் திட்டம் செய்தார்கள். எங்கிருந்தோ எடுத்த குறிப்பைப் பார்த்து அந்த 0ஐ எழுதி, ஒவ்வொரு முறை கணிப்பொறி தொடங்கும்போதும் அதுவே வருமாறும் செய்துவிட்டார்கள். பருவம் முடியும்வரை ஆய்வகத்துப் பொதுக் கணிப்பொறி அப்படியே ஓடியது; எவரும் கவனிக்கவில்லை, நானும்தான். பிறகு மேப்ஸ் கோப்புகள் இரண்டையும் அச்செடுத்து மேசையில் விரித்தோம். கால் மணி நேரத்தில் இடத்தைப் பிடித்திருந்த நூலகம் தெரிந்தது. தொடக்க முகவரியைக் கீழே தள்ளினோம், 0ஐ 2 ஆக்கினோம், துணைப் புராஸஸ் இணைந்தது.

டி.பி.டி.கே. திறந்த திட்டமாகையால் அதன் வழிகாட்டிக்கு எவரும் திருத்தம் அனுப்பலாம். அம்மூவரில் ஒருத்தி, எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியாகச் செய்வது என்று ஒரு பத்தி எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதன் ஆங்கிலத்தைத் திருத்தும் வேலை இன்னும் என் மேசையில் கிடக்கிறது.