மணியடிக்கும் முன்னால்: பள்ளிக்கு ஓடும் குடும்பங்களின் திரை நகைச்சுவை

காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய்விடும் அவசரமும் அது குளறுபடியாவதும் ஆங்கிலக் குடும்ப நகைச்சுவைப் படங்களின் நிலைத்த சரக்கு. இந்த வகைக்கு 1983இல் வந்த ‘மிஸ்டர் மாம்’ படத்தைத் தாயாகச் சொல்வதும், வீட்டுப் பொறுப்பு அறியாத தகப்பனின் தடுமாற்றமே அதன் சிரிப்பு என்று முடிவுகட்டுவதும் வழக்கமாகிவிட்டது. முதல் கூற்று பாதி உண்மை. இரண்டாவது முழுத் தவறு. வேலையிழந்த டெட்ராய்ட் கார் பொறியாளர் ஜாக் பட்லர் பள்ளி வளாகத்தில் எதிர்த்திசையில் வண்டியை விட்டு, வரிசையில் வரும் தாய்மார்களிடம் திட்டு வாங்கும் காட்சி அதில் இருக்கிறது. பிரபலமான காட்சிதான். ஆனால் அதில் தகப்பனின் தடுமாற்றத்தைவிடச் சிரிப்பூட்டுவது அந்த வளாகத்தின் சட்டதிட்டம்: இறக்கிவிட ஒரு திசை, ஏற்றிக்கொள்ள ஒரு திசை, பிசகினால் தெருவே ஸ்தம்பிக்கும். ஆணா பெண்ணா என்பதல்ல விஷயம். கடிகாரத்துக்கும் கேட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர் என்பதே விஷயம்.

பழைய பள்ளிக்கூடப் படங்களில் இந்த நெருக்கடி கிடையாது. 1922இல் ஹால் ரோச் தொடங்கிய ‘அவர் கேங்’ குறும்படங்களில் பிள்ளைகள் தாங்களாகவே தெருவில் திரிகிறார்கள். ழான் விகோவின் 1933ஆம் ஆண்டுப் படத்தில் வரும் கலகக்கார மாணவர்களும், 1954 முதல் பிரிட்டிஷ் திரையை அதகளம் செய்த செயின்ட் டிரினியன்ஸ் மாணவிகளும் விடுதியில் தங்கிப் படிப்பவர்கள். சிரிப்பு பள்ளிக்குள்ளே நடந்தது. போய்ச் சேரும் வழியைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

வழி கதையானதற்குக் காரணம் சினிமாவில் இல்லை, சாலையில் இருக்கிறது. மேயர் ஹில்மனும் சகாக்களும் 1990இல் வெளியிட்ட ஆய்வின்படி, 1971இல் இங்கிலாந்தில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குப் போனார்கள். 1990இல் அது 9 சதவீதம். அமெரிக்காவிலும் 1969இல் ஏறக்குறையப் பாதிப் பிள்ளைகள் நடந்தோ சைக்கிளிலோ பள்ளிக்குப் போனார்கள். 2009இல் எட்டில் ஒருவர்தான். கார்கள் பெருகி நடக்கப் பயமான தெருக்களில் பிள்ளையைக் காரிலேயே ஏற்றிப்போக வேண்டியதாயிற்று. இந்த மாற்றத்தின் நடுவில் பிறந்ததுதான் இவ்வகை நகைச்சுவை. தகப்பன் சமையலறைக்குள் நுழைந்த கதை அதன் மேல்பூச்சு.

கடிகாரம் மட்டும் இதற்கும் முன்பே குடும்பப் படத்துக்குள் வந்துவிட்டது. 1950இல் வால்டர் லாங் இயக்கிய ‘சீப்பர் பை த டசன்’, பிராங்க் கில்பிரெத் என்னும் நிஜ மனிதரின் குடும்பத்தைப் பற்றியது. தொழிற்சாலைகளில் வேலையசைவுகளை நொடிக்கணக்கில் ஆராய்ந்த நிபுணர் அவர். பிள்ளைகள் இருவர் 1948இல் எழுதிய நூலில், கீழிருந்து மேலாகப் பொத்தான் போட்டால் மூன்று நொடி, மேலிருந்து கீழாகப் போட்டால் ஏழு நொடி என்று கணக்குப் பார்த்து வெயிஸ்ட்கோட் மாட்டுகிற தகப்பனாக வருகிறார். ஒரு டசன் பிள்ளைகளுள்ள குடும்பத்தை விசிலும் ஸ்டாப்வாட்சுமாக நடத்துகிற அந்தப் பைத்தியக்கார ஒழுங்கில் முழுநீளச் சிரிப்பு இருக்கிறது. 2003இல் இதே பெயரில் ஷான் லெவி எடுத்த படம் தகப்பனைக் கால்பந்துப் பயிற்சியாளராக்கி, ஸ்டாப்வாட்சைத் தூக்கியெறிந்துவிட்டு, உடைந்த சாமான்களையும் வழுக்கி விழுபவர்களையும் நிரப்பியது. வசூல் குறையவில்லை. நகைச்சுவைதான் குறைந்தது.

இவ்வகை நகைச்சுவையின் உச்சம் 1986. அந்த ஆண்டு வந்து, இன்று அநியாயமாக ஓரங்கட்டப்பட்டிருப்பது ‘கிளாக்வைஸ்’. எழுதியவர் மைக்கேல் பிரெய்ன்; 1982இல் மேடையேறிய ‘நாய்ஸஸ் ஆஃப்’ நாடகத்தில் கதவுகளின் திறப்பையும் மூடலையும் வைத்தே ஓர் ஊழிக்கூத்தை நடத்திக்காட்டியவர். இயக்கம் கிறிஸ்டபர் மொரஹான். ஜான் கிளீஸ் நடிக்கும் பிரையன் ஸ்டிம்ப்சன் ஓர் அரசுப் பொதுப்பள்ளியின் தலைமையாசிரியர். பள்ளிக்குத் தாமஸ் டாம்பியன் என்று பெயர். பதினேழாம் நூற்றாண்டு லண்டனின் பேர்பெற்ற கடிகாரத் தொழிலாளி அவர். ஸ்டிம்ப்சன் தொலைநோக்கி வழியே வளாகத்தை நோட்டம்விட்டு, ஒலிபெருக்கியில் பிள்ளைகளைப் பெயர்சொல்லிக் கண்டிக்கிறவர். உயர்தரப் பள்ளித் தலைமையாசிரியர்களின் மாநாட்டுக்குத் தலைவராக ஒரு பொதுப்பள்ளிக்காரர் தேர்வாவது அதுவே முதல் முறை. அதற்காக நாரிச் கிளம்புகிறவர், பேச்சுக்குப் பேச்சு ‘ரைட்’ (‘சரி’ என்றும் ‘வலப்பக்கம்’ என்றும் பொருள்படும் சொல்) போடும் பழக்கத்தால் தவறான ரயிலில் ஏறிவிடுகிறார். பேச எழுதிவைத்த தாள்கள் அந்த ரயிலோடு போய்விடுகின்றன.

பிறகு நடப்பது பள்ளிக்குக் கொண்டுவிடும் கதையின் தலைகீழ் வடிவம். பெற்றோரின் காரில் தலைமையாசிரியரை ஏற்றிப்போகிறவள் லாரா என்னும் மாணவி. காரைக் காணோமென்று அவளுடைய பெற்றோர் ஒருபக்கம் தேட, மூன்று கிழவிகளை வண்டியில் வைத்துக்கொண்டு ஸ்டிம்ப்சனின் மனைவி இன்னொரு பக்கம் துரத்த, பெட்ரோலுக்குப் பணம் தராமல் கிளம்பியதற்காகப் போலீசும் சேர்ந்துகொள்கிறது. உடைந்த டெலிபோன் பூத், சேற்றில் புதைந்த கார் என ஒவ்வொரு தடையும் முந்தைய காட்சியின் கணக்கிலிருந்தே முளைக்கிறது. தற்செயல் என்று தள்ள ஒன்றுமில்லை. பிறருடைய தாமதத்தை ஒழுக்கக்கேடாக எண்ணிய மனிதர் தானே தாமதமாகி, அந்த நியாயத்தீர்ப்பின் கீழ் நசுங்குவதில் கிளீஸின் நெடிய உடம்பு முழுக்க நடிக்கிறது. அதற்கு ஈவ்னிங் ஸ்டாண்டர்டின் பீட்டர் செல்லர்ஸ் விருது கிடைத்தது. ஆனால் அமெரிக்காவில் படம் எடுபடவில்லை. 1988இல் ‘எ ஃபிஷ் கால்டு வாண்டா’ அடித்த அடியில் இது நினைவிலிருந்தும் நழுவியது. சாலைப்பயணப் படம் என்று முத்திரை குத்தப்பட்டதால் குடும்ப நகைச்சுவையின் வரலாற்றில் இடம் தரப்படவில்லை. அந்த வரலாறு அதனால்தான் ஊனமாக இருக்கிறது.

அதே ஆண்டு ஜான் ஹியூஸ் இயக்கிய ‘ஃபெரிஸ் ப்யூலர்ஸ் டே ஆஃப்’ பள்ளிக்குப் போகாமலிருப்பதையே ஒரு நேரப்போட்டியாக்கியது: பெற்றோர் வீடு திரும்புமுன் படுக்கைக்குள் பாய்ந்துவிட வேண்டும். ‘மிஸ்டர் மாம்’ திரைக்கதையும் ஹியூஸுடையதே. அவர் எழுதிய ‘ஹோம் அலோன்’ (1990) விமான நிலைய அவசரத்தில் தொடங்குகிறது. காற்றில் மின்சாரம் போய், அலாரம் அடிக்காமல், பக்கத்து வீட்டுப் பையனையும் சேர்த்துத் தலையெண்ணிக் கிளம்பும் அந்த முதல் பகுதி, திருடர்களுக்குப் பொறிவைக்கும் பின்பகுதியைவிடப் பல மடங்கு நுட்பமானது. மைக்கேல் ஹாஃப்மனின் ‘ஒன் ஃபைன் டே’ (1996) இந்த வழியில் கடைசியாக வந்த நல்ல ஹாலிவுட் படம். பள்ளிச் சுற்றுலாப் படகைத் தவறவிட்ட இரு பிள்ளைகள், அலுவலகத்தில் பதவியே ஆடும் நாளில் இரு பெற்றோர், கைமாறிப்போன இரு கைபேசிகள். காதல் பகுதி சலிப்பூட்டும். நியூயார்க் நகரத்தின் நேரக்கணக்கு சலிப்பதேயில்லை.

அடுத்த ஆண்டு தெஹ்ரானிலிருந்து வந்த மஜீத் மஜீதியின் ‘சில்ரன் ஆஃப் ஹெவன்’ இந்த வரிசையில் பேசப்படுவதில்லை. ஏழ்மையின் கவிதை என்று அதைக் கண்ணீரோடு ஒதுக்கிவைத்துவிட்டார்கள். உண்மையில் அதன் எலும்புக்கூடு சுத்தமான ஃபார்ஸ். ஒரே ஜோடி ரப்பர் ஷூ, தங்கைக்குக் காலைப் பள்ளி, அண்ணனுக்கு மதியப் பள்ளி. சந்தில் வைத்து ஷூ கைமாற வேண்டும், அவன் மணிக்கு முன் ஓட வேண்டும். சாக்கடையில் ஒரு ஷூ மிதந்துபோகும் காட்சி எந்தக் கார் துரத்தலுக்கும் சளைத்ததல்ல. ஓட்டப்பந்தயத்தின் மூன்றாம் பரிசான ஷூவுக்காக ஓடி, முதலிடம் வந்து தோற்கிற முடிவு பிரெய்ன் எழுதியிருக்கக்கூடியது. ஆஸ்கர் வெளிநாட்டுப் படப் பிரிவில் இடம்பெற்ற முதல் ஈரானியப் படம் இது. சிங்கப்பூரில் ஜாக் நியோ (2003), இந்தியில் பிரியதர்ஷன் (2010), தமிழில் இளையராஜா இசையோடு சாமி (‘அக்கா குருவி’, 2022) என்று இதைத் திரும்ப எடுத்தவர்கள் பலர்.

ஹாலிவுட் இதிலிருந்து எதையும் கற்கவில்லை. ஜூடித் வயோர்ஸ்டின் 1972ஆம் ஆண்டுச் சிறுவர் நூலை வைத்து 2014இல் வந்த ‘அலெக்ஸாண்டர்’ படத்தில் ஒரே நாளில் ஒரு குடும்பத்துக்கே விபத்துகள் கொட்டுகின்றன; பிறந்தநாள் சாபம் என்பதைத் தவிர ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சங்கிலி இல்லை.

சங்கிலியைக் காப்பாற்றியது பிரிட்டிஷ் தொலைக்காட்சி. ஆண்டி ஹாமில்டனும் கை ஜென்கினும் உருவாக்கிய ‘அவுட்நம்பர்டு’ 2007இல் பள்ளிக்குக் கிளம்பும் காலையோடுதான் தொடங்கியது. பிள்ளைகளுக்கு வசனத்தை மனப்பாடம் செய்யக் கொடுக்காமல் சூழலை மட்டும் சொல்லிப் பேசவிட்டார்கள். பெரியவர்களின் நேரம் பிள்ளைகளின் கேள்விகளில் கரைவதை முன்கூட்டி எழுதிய எந்த வசனமும் அப்படிக் காட்டாது. 2016இல் ‘மதர்லேண்ட்’ முன்னோட்ட அத்தியாயத்தில் ஜூலியா காரை விரட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்து சேர்கிறாள், அன்று இடைவிடுமுறை. தடுமாறுகிறவள் இங்கே தாய், அதனால் சிரிப்பு ஒரு மாத்திரைகூடக் குறையவில்லை. 2017 முதல் 2022 வரை ஓடிய அத்தொடரில் கெவின் என்னும் தகப்பன்தான் எல்லாரையும்விட நேரந்தவறாத ஆள்.