எட்டு ஆங்ஸ்ட்ராம் உருண்டை: ஓர் ஆய்வு முறையின் மதிப்பீடு

தஞ்சாவூர்ப் பூக்கடைகளில் கதம்பம் தொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். முல்லை, கனகாம்பரம், மரிக்கொழுந்து, அரளி என்று பல நிறப் பூக்கள் நாரில் வரிசையாக ஏறுகின்றன. முழம் போட்டு அளக்கும்போது பத்தாவது பூவுக்கும் நூறாவது பூவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதே சரத்தைச் சுருட்டி வாழையிலையில் பொட்டலம் கட்டினால் அவை இரண்டும் ஒட்டிக்கொண்டு கிடக்கலாம்.

புரதமும் இப்படிப்பட்ட சரமே. இருபது வகை அமினோ அமிலங்கள் அதன் பூக்கள். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கதம்பம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சுருளும். புரதமோ, ஒரே வரிசை உள்ள சரம் என்றால், ஏறக்குறைய ஒரே விதமாகத்தான் சுருளுகிறது. ரிபோநியூக்ளியேஸ் என்ற புரதத்தில் 124 அமினோ அமிலங்கள் உள்ளன. அதன் வேலைக்கு இன்றியமையாத இரண்டு ஹிஸ்டிடின்கள் 12-ஆம் இடத்திலும் 119-ஆம் இடத்திலும் இருக்கின்றன. வரிசையில் இரு கோடிகள். சுருண்டபின் எதிரெதிர் வீடுகள். இந்தப் புரதத்தைப் பிரித்து நீட்டிவிட்டாலும் அது தானாகவே பழைய வடிவுக்குத் திரும்புவதைக் காட்டிய கிறிஸ்டியன் அன்ஃபின்சன் 1972-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

ஆகவே வரிசையை மட்டும் அறிந்தால் போதாது. யாருக்கு யார் அண்டை என்பதையும் அறியவேண்டும். இதை எண்ணிக் கணக்கிட்ட முன்னோடி ஆய்வுகளுள் ஒன்று, தஞ்சாவூரிலிருந்து பேருந்தில் ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய திருச்சிராப்பள்ளியில் நடந்தது. அந்த ஆய்வின் நிறையையும் குறையையும் சீர்தூக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எண்ணியது எப்படி?

இதற்கு முன்னோடி சென்னையில் உண்டு. 1963-இல் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் ஒரு கேள்வி கேட்டார்கள்: பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? இரண்டு கார்பன் அணுக்களுக்குச் சாதாரண எல்லை 3.2 ஆங்ஸ்ட்ராம் என்றும், கடைசி எல்லை 3.0 என்றும் வைத்துக்கொண்டார்கள். (ஒரு மில்லிமீட்டரைக் கோடி பங்காக்கினால் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம்.) உலகெங்கும் பாடமாகிவிட்ட ராமச்சந்திரன் வரைபடம் இந்த எல்லைகளிலிருந்து பிறந்தது.

எவ்வளவுக்கு மேல் நெருங்கக்கூடாது என்பது சென்னைக் கேள்வி. நெருங்கி இருப்பவர்கள் யார் யார் என்பது திருச்சிக் கேள்வி. அப்போது அங்கே இயங்கிய சென்னைப் பல்கலைக்கழக முதுநிலை மையத்தில் பி. மணவாளனும் பி. கே. பொன்னுசாமியும் இதை எடுத்துக்கொண்டனர். அந்த மையமே 1982-இல் தோன்றிய பாரதிதாசன் பல்கலைக்கழகத்துக்கு வித்தாயிற்று.

அவர்கள் முறை மிக எளிது. எக்ஸ் கதிர்ப் படிக ஆய்வால் வடிவம் தெரிந்த புரதங்களை எடுத்துக்கொள். ஒவ்வோர் அமினோ அமிலத்தையும் அதன் ஆல்ஃபா கார்பன் அணுவால் குறி. அந்தப் புள்ளியைச் சுற்றி 8 ஆங்ஸ்ட்ராம் ஆரத்தில் ஓர் உருண்டை வரை. உருண்டைக்குள் வரும் அண்டை அமினோ அமிலங்களின் நீர் வெறுக்கும் மதிப்புகளைக் கூட்டு. அந்தக் கூட்டுத்தொகையே 'சூழ்ந்த நீர் வெறுப்பு'. இவ்வகையில் இருபது அமிலங்களுக்கும் சராசரி கண்ட அட்டவணை 1978-இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது.

முடிவு வியப்பானது. கரைதிறன் சோதனைகளில், தனியாக வைத்துப் பார்த்தால், நீரை அதிகம் வெறுப்பது டிரிப்டோபன். திருச்சி அட்டவணையிலோ முதலிடம் வாலினுக்கு (15.71). அடுத்து ஐசோலூசின் (15.67). டிரிப்டோபன் 13.93 பெற்று ஏழாம் இடத்தில் நிற்கிறது. கடைசி இடம் அஸ்பார்ட்டிக் அமிலத்துக்கு (10.85).

தனியே நிற்கையில் ஒரு குணம், ஊரோடு கூடி நிற்கையில் இன்னொரு குணம்! இதைக் கண்டு சொன்னதே இந்த ஆய்வின் பெரும் சிறப்பு. வடிவம் தெரிந்த புரதங்கள் மிகச் சிலவாக இருந்த காலம் அது. 1971-இல் புரதத் தகவல் வங்கி தொடங்கியபோது அதில் இருந்தவை வெறும் ஏழு வடிவங்கள். இன்று இரண்டு லட்சத்துக்கும் மேல் உள்ளன.

குறைகள்

இனிக் குறைகளைப் பார்ப்போம். நம் பாடக் குறிப்புகள் பலவற்றில் இந்த அட்டவணை மட்டும் வரும். அளந்த விதம் வராது. வாலின் ஏன் முதலிடம் என்று கேட்டால், "அதன் இயல்பு" என்று மாணவர் எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார். அது வாலினின் இயல்பா, அளவுகோலின் இயல்பா என்று கேட்பதில்தான் விஞ்ஞானம் தொடங்குகிறது.

முதலாவது, புள்ளி. டிரிப்டோபன் உருவத்தில் பெரியது. அதன் பக்கக் கிளை ஆல்ஃபா கார்பனிலிருந்து நெடுந்தூரம் நீண்டு, அங்கேதான் மற்றவற்றைத் தொடுகிறது. நாம் உருண்டை வரைவதோ அடிமரத்தைச் சுற்றி. கிளை நுனியில் உறவாடும் அண்டையர் பலர் கணக்கில் விட்டுப்போவார்கள். கிளை குட்டையான வாலினுக்கு இந்த நஷ்டம் குறைவு. மேலும், வாலினும் ஐசோலூசினும் தகடு போன்ற அமைப்புகளில் மிகுதியாக அமைபவை. அங்கே பக்கத்து இழை சுமார் 4.8 ஆங்ஸ்ட்ராம் தொலைவிலேயே ஓடுவதால் அண்டையர் எளிதில் உருண்டைக்குள் வருகின்றனர். ஆகவே அட்டவணை வரிசையில் ஒரு பகுதி இயற்கையின் சொல். ஒரு பகுதி நாம் தேர்ந்த புள்ளியின் சொல்.

இரண்டாவது, வேலி. 7.9 ஆங்ஸ்ட்ராமில் இருப்பவர் உறவினர், 8.1-இல் இருப்பவர் அந்நியர் என்று இயற்கை பிரிப்பதில்லை. கணக்குக்கு ஒரு வேலி வேண்டும். ஆனால் வேலியைச் சற்று நகர்த்தினாலும் முடிவு நிற்கிறதா என்று காட்டவேண்டும்.

மூன்றாவது, வரிசையால் இலவசமாக வரும் அண்டையர். ஆல்ஃபா சுருளில் ஒவ்வோர் அமிலமும் அச்சின் வழியே 1.5 ஆங்ஸ்ட்ராம் ஏறுகிறது. நான்காவது அமிலம் ஆறு ஆங்ஸ்ட்ராமை ஒட்டியே நிற்கும். எனவே சுருளின் நடுவே உள்ள எந்த அமிலத்துக்கும் முன் நால்வரும் பின் நால்வரும் உருண்டைக்குள் வந்துவிடுவர். இது சரம் தந்த நெருக்கம். மடிப்பு தந்த நெருக்கம் அன்று. இரண்டையும் ஒரே கூடையில் போடுவது தவறு.

இந்த மூன்றாம் குறையைத் தீர்த்தவர்களும் இதே மரபில் வந்தவர்களே. எம். மைக்கேல் குரோமிகாவும் எஸ். செல்வராஜும், வரிசையில் பன்னிரண்டு இடங்களுக்கு மேல் தள்ளியிருந்தும் உருண்டைக்குள் வரும் இணைகளை மட்டும் எண்ணி, மொத்த நீளத்தால் வகுத்தனர். 2001-இல் வெளியான அந்த 'நெடுந்தொலை ஒழுங்கு', சிறு புரதங்கள் எவ்வளவு விரைவில் மடிகின்றன என்பதோடு நெருங்கிய தொடர்பு காட்டியது. தொலைவில் உள்ளவர்கள் கூடவேண்டிய இணைகள் அதிகமானால் மடிப்பு மெதுவாகிறது. இதை ஒத்த வேறோர் அளவை 1998-இல் முன்வைத்தவர்களுள் ஒருவர் டேவிட் பேக்கர்.

இது ஏட்டுக் கணக்கா?

இல்லை. அரிவாள் செல் சோகையை எண்ணிப் பாருங்கள். இந்தியாவில் இது முதலில் 1952-இல் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் கண்டறியப்பட்டது. ஹீமோகுளோபினின் பீட்டா சரத்தில் ஆறாம் இடத்தில் குளூட்டமிக் அமிலம் இருக்கவேண்டும். இந்நோயில் அங்கே வாலின் வந்து அமர்கிறது. நீரை விரும்பும் ஒன்று இருந்த வெளித் திண்ணையில், அண்டை தேடி உள்ளே ஒடுங்கும் அட்டவணை முதல்வர்! ஆக்சிஜனை இழந்ததும் அந்த வாலின் அடுத்த ஹீமோகுளோபினில் 85-ஆம் ஃபினைல்அலனினும் 88-ஆம் லூசினும் அமைத்த குழியில் போய்ப் பொருந்துகிறது. இப்படியே இழை நீண்டு, இரத்த அணு அரிவாளாக வளைகிறது.

வாலின் ஏன் துணை தேடுகிறது என்பதை அட்டவணை விளக்குகிறது. ஆனால் ஒரு மூலக்கூறுக்குள் மட்டும் உருண்டை வரைபவர் இந்த விபரீத உறவைக் காணமாட்டார். இரண்டு மூலக்கூறுகளையும் சேர்த்து வைத்து எண்ணவேண்டும். முறையின் பலமும் எல்லையும் இந்த ஒரே நோயில் விளங்குகின்றன.

அண்டையரைத் தேடும் வழி பின்னர் திசை மாறியது. பல உயிரினங்களில் உள்ள ஒரே குடும்பப் புரதங்களில் இரண்டு இடங்கள் சேர்ந்தாற்போல் மாறினால், அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கலாம் என்று ஊகித்தார்கள். அந்த ஊகம் வளர்ந்த பாதையில்தான் 2020-இல் ஆல்ஃபாஃபோல்டு கணிப்பு முறை உலகை வியக்க வைத்தது. அதற்காக டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும், புரத வடிவமைப்புக்காக டேவிட் பேக்கரும் 2024-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இப்போது கணிப்பொறி ஒரு நொடியில் தொடர்புகளை வண்ணப் படமாக்கித் தருகிறது. அதனாலேயே கேள்வி கேட்கும் பழக்கம் குறைகிறது. மாணவ நண்பர்களே, புரதத் தகவல் வங்கியின் கோப்புகள் எவருக்கும் இலவசம். ரிபோநியூக்ளியேஸை எடுத்து 7, 8, 10 ஆங்ஸ்ட்ராம் என மூன்று உருண்டைகளால் எண்ணிப் பாருங்கள். ஆல்ஃபா கார்பனை விட்டுப் பக்கக் கிளையின் நடுப்புள்ளியிலிருந்து மறுபடியும் எண்ணுங்கள். எந்த முடிவு மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாறாமல் நிற்பதைத்தான் புரதத்தின் குணம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. சில கோப்புகளையும் ஓர் எளிய கேள்வியையும் வைத்துக்கொண்டு காவிரிக் கரையில் நடந்த ஆய்வு அது. அதைச் சோதித்துப் பார்ப்பதும் காவிரிக் கரையிலேயே முடியும்.