நீங்க இதுல பார்ட்டியா?

எங்கள் சங்கரன்கோவில் பக்கத்தில் ஒரு குளத்து மீன்பாசியைக் குத்தகைக்கு விடுவதென்றால் ஊருக்கே தெரியும். தண்டோரா போடுவார்கள், நோட்டீஸ் ஒட்டுவார்கள், 'ஒரு தரம், ரெண்டு தரம்' சத்தம் டீக்கடை வரை கேட்கும். ஏலம் கேட்க வந்தவர்கள் முந்தின ராத்திரியே கூடிப் பேசி முடித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம். அந்தச் சூதும் ஊரறிந்த சூதுதான். எடுத்தவன் யாரு, யாருக்கு எவ்வளவு போச்சு என்று ஆடு மேய்க்கிற கிழவி சொல்லிவிடுவாள். அளவு பெரிதாகப் பெரிதாகத்தான் சத்தம் குறைகிறது. ஆயிரக்கணக்கான ஏக்கர் கைமாறும்போது யாரும் தப்பு அடிப்பதில்லை.

பல வருஷங்களுக்கு முன் ஒரு புறம்போக்கு நிலத்தின் குத்தகைப் பத்திரத்தைப் பார்க்க ஓர் அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் நல்ல மனுசன், டீ கூட வாங்கிக் கொடுத்தார். பிறகு கேட்டார்: "அண்ணாச்சி, நீங்க இதுல பார்ட்டியா?" இல்லை என்றேன். "அப்ப ஒங்களுக்கு எதுக்கு?" பொது நிலமென்றால் நானும் பார்ட்டிதானே என்ற பதில் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் தோன்றியது.

கவிதையையும் நாவலையும் பிரதி என்று சொல்லிக் கட்டுடைத்துப் பழகிய நாம், முத்திரைத்தாளில் எழுதிய பிரதியை மட்டும் வக்கீலிடம் விட்டுவிட்டோம். அதில் இரண்டே பாத்திரங்கள், விடுபவர், எடுப்பவர். நிலத்தில் கிடந்து உழைப்பவர் அந்தக் கதையில் இல்லை. வாசகராகக்கூட இல்லை. வரி தராத நிலத்தைப் புறம்போக்கு என்று ஒதுக்கிய அதே மொழியில், ஆளைத் திட்டவும் அந்தச் சொல்லைத்தான் எடுக்கிறோம்.

மாஞ்சோலைப் பிரதியை இப்படித்தான் வாசிக்கிறேன். 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 8,373 ஏக்கரைப் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகத்துக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. காட்டை வெட்டித் தேயிலை போட, திருநெல்வேலிச் சீமைக் கிராமங்களிலிருந்தும் கேரளத்திலிருந்தும் கங்காணிகள் ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், இங்கே ஒரு செண்டு நிலம் இல்லாதவர்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று அவர்கள் ஊர்களானார்கள். பத்திரத்தில் ஏறவில்லை.

நான் அழுத்தம் கொடுக்க விரும்புவது 1952ஐ. ஜமீன் ஒழிப்பில் நிலம் அரசுக்கு வந்தது. அதாவது 'விடுபவர்' என்ற இடத்தில் ஜமீன்தார் எழுந்துகொள்ள, அரசு உட்கார்ந்துகொண்டது. கம்பெனி நகரவில்லை. தொழிலாளர் சட்டத்தை அமல்படுத்த வேண்டியவரும் நிலத்தின் உடைமையாளரும் ஒரே ஆள் என்றான பிறகு, லயன் வீடுகளில் இருந்தவர்களுக்கு அவர் என்ன பொறுப்பு? யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. 1988இல் களக்காடு-முண்டந்துறை புலிகள் காப்பகமும் 2018இல் காப்புக்காடு அறிவிப்பும் வந்தன. புலிக்குக்கூட ஒரு காகிதம் கிடைத்துவிட்டது. (காட்டைக் காப்பதற்கு நான் எதிரியல்ல; யாருடைய செலவில் என்பதுதான் கேள்வி.)

1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் கலெக்டர் ஆபீசை நோக்கிப் போன ஊர்வலத்தைக் கூலிப் போராட்டமாகவே எழுதி வந்திருக்கிறோம். கூலி உயர்வும், சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலையும்தான் கோரிக்கை. ஆனால் அவர்கள் நடந்தது, ஒரு கணக்கில், நிலத்தின் சொந்தக்காரர் வீட்டு வாசலுக்கு. பத்திரத்தில் இல்லாதவர்கள் நேரில் வந்தார்கள். தடியடியில் தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டு, ஒரு குழந்தையும் பெண்களும் உட்பட 17 பேர் செத்தார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான், 1997இல், தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்த முதல் மாநிலம் என்று தமிழ்நாடு பேர் வாங்கியிருந்தது. விலக்குகளே மலிந்த சட்டம். 2005இன் மத்தியச் சட்டம் அதைவிட எவ்வளவோ மேல். கேட்காமலே வெளியிடவேண்டியவற்றை அதன் 4ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் மாஞ்சோலையில் மறைந்திருந்த தகவல் என்ன? குத்தகை 2028 பிப்ரவரியில் முடியும் என்பது அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவருக்கும் தெரியும். முடிந்தால் இந்தச் சனம் எங்கே போகும் என்பது மட்டும் எந்தக் கோப்பிலும் தகவலாக இல்லை. இல்லாத தகவலை எந்த மனுவில் கேட்பது? வெளிப்படைத்தன்மை பேசும் நம் நண்பர்களோடு எனக்குள்ள சண்டை இதுதான். கண்ணாடி போட்ட பெட்டியும் பூட்டிய பெட்டிதான்.

2024இல், தவணைக்கு நாலு வருஷம் இருக்கும்போதே, கம்பெனி விருப்ப ஓய்வுப் படிவத்தை நீட்டியது. கையெழுத்துக்குக் கொடுத்த கெடு சில வாரம். தலைமுறைகளாக அங்கே இருந்தவர்கள் முதன்முதலாக 'பார்ட்டி' ஆனது இந்தக் காகிதத்தில், வெளியேறுகிற காகிதத்தில். உயர்நீதிமன்றம் போனார்கள். தோட்டத்தை அரசே ஏற்று நடத்தவேண்டும் என்ற வழக்கு அந்த டிசம்பரில் தள்ளுபடியானது.

அதே 2024 செப்டம்பரில் சென்னை கிண்டியில் ரேஸ் கிளப்பின் குத்தகையை அரசு ரத்துசெய்து சீல் வைத்தது. அது 1945இல் விட்ட 99 வருஷக் குத்தகை. 160 ஏக்கருக்கு மேல், வாடகை வருஷத்துக்கு 614 ரூபாய் சொச்சம். எங்களூரில் ஒரு புளியமரத்தை அந்தக் காசுக்கு ஏலம் கேட்டால் சிரிப்பார்கள். 1970இலேயே கூடுதல் வாடகை கேட்டார்கள். 730 கோடி ரூபாய் பாக்கியைக் கட்டு என்று உயர்நீதிமன்றம் சொன்னது 2023இல். இடையில் ஐம்பத்துமூன்று வருஷம், அவ்வளவும் நோட்டீஸ், பதில், வாய்தா. பத்திரத்தில் பேர் இருந்தவர்களுக்குக் கிடைத்த அவகாசம் அது. மலையிலிருந்து பெண்டு பிள்ளைகளோடு சாமான் ஏற்றியவர்களின் ரேஷன் கார்டில் மட்டும் மாஞ்சோலை என்று விலாசம் இருந்தது.