மேல்மலையனூரில் மாட்டிக்கொண்ட மலை

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மலைகளையும் சுற்றுவட்டார ஊர்களையும் பட்டியலிட ஒரு சின்ன பைத்தான் நிரல் வைத்திருக்கிறேன். மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர்: மூன்றும் சேர்ந்து ‘மலைகள்’, ஒவ்வொன்றாக எடுக்க ‘மலை’. ஒருநாள் ‘மலை’யை ‘குன்று’ ஆக்கலாம்னு தோன்றியது. பழக்கதோஷத்தில் முனையத்தில் செட் கட்டளையை ஓட்டிவிட்டேன். நிரல் ஒரு பிழைச்செய்தியும் இல்லாமல் ஓடியது. ஊர்ப் பட்டியலில் மட்டும் ‘மேல்குன்றுயனூர்’ என்று ஒரு புது ஊர் முளைத்திருந்தது. அங்காளம்மனுக்கே அடுக்காது.

இதில் செட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கேட்டதைச் செய்தது. இதற்குப் பாடங்களில் சொல்லப்படும் மருந்து, தேடும் சொல்லின் இருபுறமும் ‘சொல் எல்லை’க் குறி போடுவது. கோப்பை மீட்டுவிட்டு, இந்த முறை பைத்தானின் ‘ரீ’ தொகுதியைக் கொண்டு எல்லைக்குறியோடு மாற்றினேன். விளைவைப் பாருங்க: தனியாக நின்ற ‘மலை’ ஒன்றுகூட மாறலை. மேல்மலையனூர் மறுபடியும் மேல்குன்றுயனூர்! எதைக் காப்பாற்றணுமோ அதை வெட்டி, எதை வெட்டணுமோ அதை விட்டுவிட்டது.

மேல்மலையனூர் நம் கணக்கில் 7 எழுத்து. யூனிகோடு குறியீடுகளாக 12, யூடிஎஃப்-8 பைட்டுகளாக 36. ஏகாரக் குறி, ஐகாரக் குறி, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறியீடுகள். ‘ரீ’ தொகுதிக்கு ம, ல, ய இவை சொல்லின் பகுதி; இந்தத் துணைக்குறிகளோ காற்புள்ளி மாதிரி, சொல்லுக்கு வெளியே. ஆக ஊர்ப்பெயர் அதன் கண்ணுக்கு ம, ல, மல, யன, ர என்று ஐந்து துண்டு. ‘ல்’லின் புள்ளிக்கும் ‘ம’வுக்கும் நடுவே ஓர் எல்லை, ஐகாரக் குறிக்கும் ‘ய’வுக்கும் நடுவே இன்னோர் எல்லை. நடுவில் கச்சிதமாக ‘மலை’. தனியே நிற்கும் ‘மலை’க்குப் பின்னால் வருவது இடைவெளி. ஐகாரக் குறியும் சொல்லில் சேராது, இடைவெளியும் சேராது. அங்கே எல்லை எங்கிருந்து வரும்?

எனக்குக் கோபம் இதில்தான்: 2008-இல் வந்த பைத்தான் 3, ‘மலை’யை முழு மாறிப்பெயராக ஏற்கிறது. அதே மொழியோடு வரும் தேடல் தொகுதி அந்தப் பெயரை ஒரு சொல்லாகப் பார்ப்பதில்லை. 2011-லேயே வழுவாகப் பதிந்து சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். ‘தமிழில் நிரல் எழுதலாம்’ என்று பெருமை பேசுகிறவர்கள் (நானும்தான்) இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே இல்லை.

பழைய ஆள் என்று நாம் ஒதுக்கிய பெர்ல், துணைக்குறிகளையும் சொல்லோடு சேர்த்தே எண்ணுகிறது. கட்டளையும் கோப்பும் யூடிஎஃப்-8 என்று முன்கூட்டியே சொல்லிவிடணும். மறந்தால் பைட் பைட்டாக மேயும். சொல்லிவிட்டு அதே எல்லைக்குறியோடு ஓட்டினேன். ‘மலை’ குன்றானது, மேல்மலையனூர் தப்பித்தது, ‘மலைகள்’ அப்படியே நின்றது. பைத்தானிலேயே செய்யணும்னா எல்லைக்குறியை விட்டுவிட்டு, முன்னும் பின்னும் வேறு தமிழ்க் குறியீடு ஒட்டியிருக்கக் கூடாது என்று நிபந்தனை எழுதலாம்.

குறிப்புரைகளில் இருந்த ‘மலையின்’, ‘மலைக்கு’ மட்டும் மிச்சம். ‘குன்றின்’, ‘குன்றுக்கு’ என்று புணர்ச்சி பார்த்து மாற்ற எந்த எல்லைக்குறிக்கும் தெரியாது. க்ரெப்பில் வரிசையாக எடுத்துவைத்து, ஒவ்வொன்றாகக் கையால் மாற்றினேன்.