சுவரோவியமும் நினைவின் பொறுப்பும்

வட அயர்லாந்தின் டெரி நகரில், றொஸ்வில் வீதி வீட்டுச் சுவர்களில் ‘போக்சைட் ஓவியர்கள்’ எனப்பட்ட மூவர் 1994 முதல் 12 ஓவியங்களைத் தீட்டினர். முதலாவது, பெற்றோல் குண்டேந்திய சிறுவனைக் காட்டுவது. போராட்டச் சுவரோவியம் ஆயுதத்தைப் போற்றும் பிரசாரமே என வாதிடுவோர் இதனைச் சான்றாகக் கொள்ளக்கூடும்.

எனினும் 1999இல் வரையப்பட்ட ‘களங்கமின்மையின் மரணம்’ அவ்வாதத்தை மறுக்கின்றது. 1971இல் சுடப்பட்டிறந்த 14 வயது மாணவி அதில் நிற்கின்றாள். அருகே கீழ்நோக்கிய துப்பாக்கி. மேலேயுள்ள வண்ணத்துப்பூச்சிக்கு ஓவியர் நிறம் தீட்டவில்லை. சமாதானத்தில் நம்பிக்கை பிறந்த பின்னரே, 2006இல், அது வண்ணம் பெற்றது. துப்பாக்கியும் முறிந்ததாக மாற்றி வரையப்பட்டது.

மக்கள் நடுவே வாழும் சுவரோவியம் வரலாற்றோடு சேர்ந்தே முற்றுப்பெறுகின்றது. தாம் உணராத நம்பிக்கையைத் தீட்ட மறுத்த அவ்வேழாண்டு வெறுமையே இவ்வோவியத்தின் நேர்மை. இழப்பை மறைக்காமலும் ஆயுதத்தை வழிபடாமலும் நினைவுகூரல் இயலும் என்பதை அச்சுவர் உணர்த்துகின்றது.