பம்பரின் முதுகு

பிக்கப் வண்டியின் முகத்தில் எல்லோரும் பார்ப்பது கிரில்லையும் ஹெட்லைட்டையும்தான். பம்பரின் அடியில் ஓடும் கறுப்பு பிளாஸ்டிக் பட்டை, உடைந்து ஒரு பக்கம் தொங்கும்போதுதான் கண்ணில் படுகிறது. அதை ரசிக்கத் தொடங்க அதுவே நல்ல சமயம். பட்டறைக்கு விடாமல் நீங்களே கழற்றுங்கள்.

முதலில் தொடாமல் பாருங்கள். வண்டிக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்து, பட்டைக்கும் பம்பருக்கும் நடுவே ஓடும் சந்தின் மேல் கண்ணை ஓட்டுங்கள். அடிபடாத பக்கம் அது ஒரே அகலத்தில் போகும். அடிபட்ட பக்கம் வாயைப் பிளந்திருக்கும். மடங்கிய இடத்தில் கறுப்பு வெளுத்திருக்கிறதா? அது சாயம் போனதல்ல. இழுபட்ட பிளாஸ்டிக்குக்குள் விழுந்த நுண்வெடிப்புகள் வெளிச்சத்தைச் சிதறடிக்கின்றன, அவ்வளவுதான். பட்டை முழுக்கச் சாம்பல் பூத்திருந்தால் அது வெயிலின் வேலை. வெயிலைத் தாங்கத்தான் கரித்தூள் கலந்து வார்க்கிறார்கள். ஆனாலும் வருடக்கணக்கில் வெட்டவெளியில் நிற்கும் வண்டி நரைக்கத்தான் செய்யும். தேங்காய் எண்ணெய் தடவினால் அன்று மாலைவரை மினுங்கும், மறுநாள் ஊர்ப்புழுதி எல்லாம் அதில் வந்து குடியேறும்.

கழற்ற ஏற்ற நேரம் வெயில் ஏறிய பிறகு. நான் முதல்முறை மார்கழி மாத விடியற்காலையில், ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பினேன். மூன்று கிளிப்புகள் பொட்டுப் பொட்டென்று போயின. சூடேறிய பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும், குளிர்ந்தது முறியும். பல கிளிப்புகளுக்கு நடுவில் ஒரு சின்ன ஆணி இருக்கும். அதை மேலே தூக்கினால்தான் உள்ளே விரிந்திருக்கும் கால்கள் ஒடுங்கும். பிறகு கிளிப் தானாகக் கையோடு வரும். இரண்டு மூன்று கிளிப் பழகினால் விரல் நுனிக்கே அந்த 'டிக்' தெரியும். பனிவிளக்கு உள்ள வண்டியானால் பட்டையை இழுப்பதற்கு முன் ஒயர் சாக்கெட்டைப் பிரித்துவிடுங்கள்.

இப்போது பட்டையைத் திருப்புங்கள். முகத்தைவிட முதுகுதான் அழகு. PP+EPDM-TD20 என்பதுபோல் ஒரு வரி பொறித்திருக்கலாம்: பாலிப்ரொப்பிலீன், அதோடு கொஞ்சம் ரப்பர், நூற்றுக்கு இருபது பங்கு டால்க் கல்மாவு. பக்கத்திலேயே கடிகாரம்போல் ஒரு வட்டம் இருந்தால் அதன் முள் காட்டுவது நேரத்தை அல்ல, பட்டை வார்த்த மாதத்தை.

துளைகளைக் கவனியுங்கள். நடுவில் உள்ளது வட்டம், ஓரங்களில் உள்ளவை பெரும்பாலும் நீள்வட்டம். துளை போட்டவனுக்குக் கை தவறிவிடவில்லை. ஒன்றரை மீட்டர் நீளப் பட்டை விடியற்குளிருக்கும் உச்சிவெயிலுக்கும் நடுவே சில மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். நடுத்துளை அதை இடத்தில் பிடித்துக்கொள்ள, ஓரத்துளைகள் நகர வழி விடுகின்றன. பட்டையைத் தாங்கும் இரும்பு அவ்வளவு நீளாது. இந்த இரண்டையும் சண்டையில்லாமல் சேர்த்து வைத்தவரின் மூளையை எனக்கு ரொம்பப் பிடிக்கும். அதனால்தான் புதுப்பட்டையை மாட்டும்போது நடுவில் தொடங்கி இரு பக்கமும் போக வேண்டும். ஓரத்து ஸ்க்ரூவை இறுக்கிக் கொன்றுவிடக் கூடாது.

கிளிப் உடைந்தால் வருத்தப்படாதீர்கள். லேசான இடியில் அது விட்டுக்கொடுத்தால் விலை கூடிய பாகங்கள் பல தப்பும். முன்னால் இரும்புக் குழாய் மாட்டினால் பம்பர் பிழைக்கும் என்பவர்கள் உண்டு. அப்படி மாட்டியவர்கள்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. பாதசாரிக்கும் ஆபத்து, உள்ளே இருப்பவருக்கும் ஆபத்து. பார்க்கவும் லட்சணமில்லை என்பது என் கட்சி.

பட்டையிலேயே சின்ன விரிசல்தான் என்றால் கடையில் விற்கும் பசையை நம்பாதீர்கள். சாதாரணப் பசை பாலிப்ரொப்பிலீனில் பிடிக்காது. தெருவில் பிளாஸ்டிக் குடத்துக்குக் காய்ச்சிய கம்பியால் ஒட்டுப் போடுவார்களே, அந்த வித்தைதான் இதற்கும். ஒட்டு முதுகுப் பக்கம் இருக்கட்டும். அதற்கும் மீறி உடைந்திருந்தால், சென்னைக்காரர்களுக்குப் புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகள் இருக்கின்றன. பழைய பட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். "லெஃப்ட்டா ரைட்டா, சார்?" என்று கேட்பார்கள். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பார்க்கும் இடமும் வலமும்தான் கணக்கு. எதிரே நின்று பார்த்துச் சொல்லி, தப்பான பக்கத்தை வாங்கி வந்து மறுபடி பஸ் ஏறியவன் சொல்கிறேன்.

மாட்டி முடித்ததும் மறுபடி குத்தவைத்து உட்காருங்கள். இரண்டு பக்கச் சந்தும் ஒரே அகலமா? உள்ளங்கையால் தடவினால் விளிம்பு தடுக்காமல் போகிறதா? போனால் சரி. பழைய பட்டையை எறிவதற்கு முன் அதில் உடையாமல் மிஞ்சிய கிளிப்புகளைக் கழற்றி, ஒரு டப்பாவில் போட்டு வண்டியிலேயே வையுங்கள்.