துருவும் பாவனையும்: ரேட் ராட் குறித்து

கூரை அறுத்துத் தாழ்த்தப்பட்டு, மட்கார்டு இல்லாமல், பானட் இல்லாமல், எஞ்சின் வெளியே துருத்திக்கொண்டு, உடம்பெல்லாம் துருவோடு ஒரு பழைய ஃபோர்டு. கியர்க் கம்பியின் தலையில் பீர்க் குழாயின் கைப்பிடி. கலிஃபோர்னியாவில் இருக்கும் நண்பர் அனுப்பிய புகைப்படம். 'பேரீச்சம்பழத்துக்குப் போட வேண்டியதை ஏன்யா படம் எடுத்து அனுப்புறே' என்று கேட்டேன். 'இதுக்குப் பேரு ரேட் ராட். இதைக் கட்ட என்ன செலவு தெரியுமா' என்றார்.

ரேட் என்றால் எலி. வசையையே பெயராகச் சூடிக்கொள்ளும் காரியம்தான். (எலி அங்கே புதிதுமல்ல. 1960களில் எட் ராத் உலவவிட்ட 'ரேட் ஃபிங்க்' மிக்கி மவுஸுக்கு எதிர் எலி.) இதன் மூதாதை ஹாட் ராட். தெற்குக் கலிஃபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் 1930, 40களில் வேகம் பார்த்த இளைஞர்கள், எடை குறைய மட்கார்டைக் கழற்றினார்கள். 1932இல் வந்த ஃபோர்டின் வி8 எஞ்சினைப் பழைய மாடல் ஏ வண்டியில் ஏற்றினார்கள். 1948இல் 'ஹாட் ராட்' பத்திரிகை வந்தது. பிறகு குரோமியம், அடுக்கடுக்காகப் பெயிண்ட், தூசி படாமல் டிரெய்லரில் ஏற்றிக் கண்காட்சிக்குக் கொண்டுபோகும் வண்டிகள். ஓட்டப்படாத அந்த அழகுக்கு எதிர்வினையாகவே ரேட் ராட் தன்னை முன்வைக்கிறது. அப்பத்திரிகையில் எழுதிய கிரே பாஸ்கர்வில்தான் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். அவர் சுட்டியது துருவை அல்ல, பிரைமரோடு நின்ற வண்டிகளை.

இந்த இடத்தில்தான் நான் தயங்குகிறேன். பிரைமர் ஒரு நிறமல்ல, நிறத்துக்கான காத்திருப்பு. 'அடுத்த சம்பளம் வரட்டும், பெயிண்ட் அடிச்சுக்கலாம்' என்ற வாக்கியம் அது. நாற்பதுகளின் அந்த இளைஞன் வறுமையை அழகென்று கொண்டாடவில்லை, அதிலிருந்து வெளியேறப் பார்த்தான். அவனுடைய காத்திருப்பை அவன் பேரப்பிள்ளைகள் அடையாளமாக உறைய வைத்துவிட்டார்கள். இன்று மாடல் ஏ-க்குப் புத்தம்புதிய எஃகு பாடி அச்சிட்டு விற்கிறார்கள். புதுத் தகட்டில் உப்பும் வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் தெளித்துத் துருப்பிடிக்க வைக்கிறார்கள். துரு மேலும் அரிக்காமலிருக்க மேலே நிறமற்ற லேக்கர். தொட்டால் கையில் ஒட்டாத துரு! குறிப்பான் மட்டும் மிஞ்சி, குறிப்பீடு கழன்றுபோன நிலை.

இது பண்டத்துக்கு எதிரான கலகம் என்று வாதிடும் தோழர்கள் உண்டு. அதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கண்காட்சி வண்டி வெல்டிங் தழும்பைத் தேய்த்து, பட்டி பூசி, உழைப்பை மறைக்கிறது. ரேட் ராட் அதைத் திறந்து காட்டுகிறது. கொல்லையில் காயலான் இரும்பைக் கொண்டு ஒருவன் தானே கட்டி, தானே ஓட்டுகிறான் என்றால் அந்தக் கைத்திறன் பாவனையல்ல. என் சண்டை அவனோடு இல்லை.

ஆனால் அதே லாஸ் ஏஞ்சல்ஸில் இன்னொரு பிரதி இருக்கிறதே. மெக்சிகோ வம்சாவளியினரின் லோரைடர். வண்டியின் எந்தப் பாகமும் சக்கர விளிம்புக்குக் கீழே தாழக் கூடாதென்று 1958இல் கலிஃபோர்னியாவில் சட்டம் வந்தது. மறு ஆண்டே ரான் அகிரே தன் கார்வெட்டில் ஹைட்ராலிக்கைப் பொருத்தினார்: போலீஸைக் கண்டால் உயரும், போனதும் தாழும். ஹெஸ்ஸே வலதேஸின் 'ஜிப்ஸி ரோஸ்', 1964 இம்பாலா, உடம்பெங்கும் கையால் தீட்டிய ரோஜாக்களோடு இளஞ்சிவப்பில் பளபளத்தது. கையில் காசு குறைவாக இருந்தவர்கள் ஏன் துருவைத் தேர்ந்துகொள்ளவில்லை? சாலையில் நிறுத்திச் சோதிக்கப்படுகிறவனுக்குத் துரு ஒரு பாணியல்ல, அவனுக்கெதிரான சாட்சியம்.

ஆகவே, கூரையை எத்தனை அங்குலம் அறுத்தால் ரேட் ராட் என்ற அளவுகோல்களை விட்டுவிடலாம். அதிலிருந்து இறங்குகிறவனை யாரும் ஏழை என்று நினைக்க மாட்டார்கள். என் வரையறை இதுதான். பெயிண்டுக்குக் காசில்லாமல் பிரைமரோடு வேலைக்குப் போகும் வண்டிகள் அந்த ஊரில் இன்றும் ஓடுகின்றன. அவற்றை ரேட் ராட் என்று யாரும் சொல்வதில்லை. நண்பரும் படம் எடுத்து அனுப்பியதில்லை.